பேக்கேஜுக்குத் தன் வீடு தெரியுமா?

கள்ளக்குறிச்சியில் ஐம்பது வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் தன் பழைய கடிதக் கட்டைப் பிரித்துக் காட்டினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். 1993 செப்டம்பர் 30க்கு முந்தைய கடிதங்களில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். அதற்கடுத்த சில வருடங்களுக்கு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997ல் மாவட்டங்களின் பெயரிலிருந்து தலைவர்களை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு வெறும் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம், தமிழ்நாட்டின் 34வது. மனிதர் திண்ணையை விட்டு அசையவே இல்லை. முகவரி மட்டும் நாலு பெயர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

இருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஏன் என்று யோசித்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, தபால்காரர். மாவட்டத்தின் பெயர் தப்பாக இருந்தாலும் "அட, இது நம்ம ஐயா வீடு" என்று கொண்டுவந்து போட்டுவிடுவார். இன்னொன்று, பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த அந்த ஆறு இலக்க எண்ணுக்கும் மாவட்ட எல்லைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கள்ளக்குறிச்சி 606202, விருத்தாசலம் 606001, திருவண்ணாமலை 606601. மூன்றும் இன்று மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன, ஆனாலும் மூன்றுக்கும் முதல் மூன்று எண் ஒன்றே. அரசாங்கம் மாவட்டத்தை எப்படி வெட்டினாலும் அந்த எண் அசையவில்லை.

இதைப் படித்துவிட்டு "தலைப்பில் பேக்கேஜ் என்று போட்டுவிட்டுத் தபால் கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே தபால்காரர் கிடையாது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் கடிதம் திரும்பி வராது, காணாமலே போய்விடும்.

ஈமாக்ஸ், விம், சப்லைம் டெக்ஸ்ட், விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பேக்கேஜைப் போட்டிருப்பார்கள். பேக்கேஜ் என்றால் வெறும் நிரல் மட்டும் இல்லை. கூடவே ஒரு மூட்டை வரும்: எழுத்துப்பிழை பார்க்க அகராதி, இரண்டு எழுத்து தட்டினால் பத்து வரி விரியும் ஸ்னிப்பெட்டுகள், படங்கள், மாதிரிக் கோப்புகள். நிரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எடிட்டரின் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்துவிடும். மூட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பேக்கேஜை எழுதியவரின் பொறுப்பு. கோளாறு எல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

சொந்தக் கம்ப்யூட்டர், ஒரே இடம், எப்போதும் நெட் என்று இருப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. அதனால் வேறு ஓர் ஆளை நினைத்துக்கொள்வோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வீடு, கள்ளக்குறிச்சியில் கல்லூரி. அப்படி ஒரு மாணவி. வாரக் கடைசியில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள். வீட்டில் அண்ணனுக்கு எப்போதோ கிடைத்த இலவச லேப்டாப் ஒன்று இருக்கிறது. 2011ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்தது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே போட்டிருந்த ரகம். மலையில் செல்போன் சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் எந்த மெஷின் கிடைக்கும் என்பது அன்றன்றைக்கு அதிர்ஷ்டம். ஆகவே அவள் ஈமாக்ஸையும் அதன் பேக்கேஜ்களையும் மொத்தமாக ஒரு பென்டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறாள். அவளுடைய கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பென்டிரைவ்தான்.

ஆய்வகத்தில் விண்டோஸ் அந்தப் பென்டிரைவுக்கு "இ" டிரைவ் என்று பெயர் வைக்கிறது. வீட்டு லேப்டாப்பில் "ஜி" டிரைவ். கள்ளக்குறிச்சிப் பெரியவரின் கதையேதான்! வீடு நகரவில்லை, மாவட்டம் மாறிவிட்டது.

இப்போது பேக்கேஜ்களைப் பாருங்கள். முதல் வகை பேக்கேஜ் தன் மூட்டையின் முழுப் பாதையையும் எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிரல்களைத் திறந்து பார்த்தால், எழுதியவரின் ஹோம் ஃபோல்டர், அதற்குள் அவருடைய பெயர், அதற்குள் "டாக்குமெண்ட்ஸ்" என்று அவர் வீட்டு வரைபடமே அதில் கிடைக்கும். உலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் அது வேலை செய்யும், அதுவும் அவர் புது லேப்டாப் வாங்கும்வரை. இன்னும் சில பேர் அந்த வேலையை நம் தலையில் கட்டிவிடுவார்கள்: "நிறுவிய இடத்தின் முழுப் பாதையை உங்கள் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளவும்". அவள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, சொன்னபடி "இ" டிரைவ் என்று எழுதினாள். சனிக்கிழமை வெள்ளிமலையில் அது செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி வந்ததும் உயிர் பிழைத்துவிட்டது. யாரிடம் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். டாக்டரைப் பார்த்ததும் போய்விடும் பல்வலி மாதிரி.

இரண்டாம் வகை கொஞ்சம் புத்திசாலி. "எல்லாரும் வழக்கமாக இந்த இடத்தில்தான் நிறுவுவார்கள்" என்று நம்பிக்கொண்டு அந்த இடத்தை எழுதி வைக்கும். ஈமாக்ஸில் அந்த வழக்கமான இடம் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டாட்-ஈமாக்ஸ்-டாட்-டி, அதற்குள் எல்பா. 2012ல் வந்த ஈமாக்ஸ் 24லிருந்து பேக்கேஜ்கள் இறங்குவது அங்கேதான். வழக்கங்களும் மாறும் என்பதுதான் தொல்லை. 2020ல் ஈமாக்ஸ் 27 வந்தபோது டாட்-கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ளும் குடியிருக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஒழுங்கை விரும்புகிறவர்கள் உடனே வீடு மாற்றினார்கள். பழைய இடத்தை எழுதி வைத்திருந்த பேக்கேஜ்கள் பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. போதாதற்கு, எல்பாவுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் ஃபோல்டர் பெயரிலும் பதிப்பு எண் ஒட்டியிருக்கும். பேக்கேஜைப் புதுப்பித்தால் ஃபோல்டரின் பெயரே வேறு. விஎஸ் கோடும் இதே மாதிரிதான், நீட்சியின் ஃபோல்டர் பெயர் பதிப்பு எண்ணில்தான் முடியும். பெயரில் எண் இருக்கும் இடத்தை முழுதாக எழுதி வைப்பது, காலண்டர் தேதியை வீட்டு எண்ணாகப் பயன்படுத்துகிற மாதிரி.

மூன்றாவது வகை "பக்கத்தில் இருக்கும் டேட்டா ஃபோல்டர்" என்று மட்டும் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்குப் பக்கத்தில்? மலையில் வழி கேட்டால் "அந்தத் திருப்பத்தில் மேலே ஏறு" என்பார்கள். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்திலிருந்து என்றால் அது ஒரு ஊர், கருமந்துறையிலிருந்து என்றால் அது சேலம் மாவட்டத்தில் வேறு ஊர். (மலை ஒன்றுதான். மாவட்டம்தான் இரண்டு.) எடிட்டரைப் பொறுத்தவரை "பக்கத்தில்" என்பதற்குப் பொருள், இந்த நேரம் திரையில் திறந்திருக்கும் கோப்புக்குப் பக்கத்தில். பேக்கேஜுக்குப் பக்கத்தில் அல்ல. ஈமாக்ஸில் திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு டீஃபால்ட்-டைரக்டரி உண்டு. அவள் கட்டுரையைத் திறந்து வைத்திருந்தால் பேக்கேஜ் தன் அகராதியைக் கட்டுரை ஃபோல்டரில் போய்த் தேடும். கணக்குப் பாடத்தைத் திறந்தால் அங்கே தேடும். பாவம்.

சரி, ஒழுங்கான வழி என்ன? ஆச்சரியம் என்னவென்றால் பேக்கேஜ் எந்த முகவரியையும் தெரிந்து வைத்திருக்கவே வேண்டாம். எடிட்டர் ஒரு நிரல் கோப்பை எடுத்து வாசிக்கும்போது, எதை வாசிக்கிறோம் என்று அதற்குத் தெரியும். அந்த நேரத்தில் "இப்போது நீ வாசித்துக்கொண்டிருக்கும் கோப்பு எது?" என்று கேட்டால் போதும், கோப்பின் முழுப் பாதையைச் சொல்லிவிடும். அதில் கோப்பின் பெயரை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பேக்கேஜ் குடியிருக்கும் ஃபோல்டர். மூட்டையும் அங்கேயேதானே வந்திறங்கியது? அவ்வளவுதான். "இ" டிரைவோ "ஜி" டிரைவோ, கேள்விக்கான பதில் அந்தந்த நாளில் சரியாக இருக்கும். ஈமாக்ஸில் இதற்கென்று லோட்-ஃபைல்-நேம் என்று ஒரு மாறி இருக்கிறது. ஸ்னிப்பெட்டுகளுக்குப் பெயர்போன யாஸ்னிப்பெட் பேக்கேஜ் தன் வீட்டைக் கண்டுபிடிப்பது இந்த முறையில்தான்.

விண்டோஸின் பழைய பேட்ச் கோப்புகளில் கூட இந்த வசதி உண்டு. சதவீதக் குறி, டில்டே, டி, பி, பூஜ்யம் என்று ஒரு மந்திரம். "நான் இருக்கும் ஃபோல்டர்" என்று அதற்குப் பொருள். அவளுடைய பென்டிரைவில் ஈமாக்ஸை எழுப்பும் கோப்பில் இந்த மந்திரத்தை வைத்து ஹோம் என்ற சூழல் மாறியை நிரப்பினால், எந்த மெஷினில் செருகினாலும் ஈமாக்ஸ் அந்தப் பென்டிரைவையே தன் வீடு என்று எடுத்துக்கொள்ளும்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லோட்-ஃபைல்-நேம் விஷயத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாதவர்கள் குறைவு.

பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவார் அல்லவா? "கச்சிராயபாளையம் இறங்கு!" என்று அவர் கூவும்போது நீங்கள் காதில் வாங்கினால்தான் உண்டு. அரை மணி கழித்து "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டால், அப்போது வரும் ஊரின் பெயரைச் சொல்வார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். லோட்-ஃபைல்-நேமும் அப்படித்தான். பேக்கேஜ் கோப்பை வாசிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான் அதில் சரியான பதில் இருக்கும். வாசித்து முடித்ததும் அது காலி. லிஸ்ப் மொழியில் காலி என்பதற்கு "நில்" என்று பெயர் (தமிழில் படித்தாலும் பொருத்தம்தான், பேக்கேஜ் அங்கேயே நின்றுவிடுகிறது :-)). ஆகவே வாசிக்கும்போதே பதிலை ஒரு மாறியில் பிடித்து வைத்துவிட வேண்டும். பலர் இதைச் செய்யாமல், பயனர் பொத்தானை அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள் கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது கண்டக்டர் ஊரைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பார். "ராங் டைப் ஆர்க்யுமெண்ட்: ஸ்ட்ரிங்-பி, நில்" என்று ஒரு செய்தி கீழே வரும். ஈமாக்ஸ் பழகியவர்களுக்கு இது சொந்தக்காரர் முகம் மாதிரி.

செய்தி வந்தாலாவது பரவாயில்லை. சத்தமே இல்லாமல் தப்பாகப் போவதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் வேறொரு பேக்கேஜ் ஏறிக்கொண்டிருந்தால், அந்த வேறொன்றின் முகவரி பதிலாக வரும். இன்னொரு வேடிக்கை: லோட்-ஃபைல்-நேம் காலியாக இருந்தால் இப்போது திறந்திருக்கும் கோப்பின் பெயரை எடுத்துக்கொள் என்று ஒரு மாற்று ஏற்பாடு எழுதுவது வழக்கம். பேக்கேஜை எழுதும்போது சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சேர்த்தது. அதையும் தூக்கி ஃபங்ஷனுக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும்? எழுதியவரின் திரையில் எப்போதும் திறந்திருப்பது அந்தப் பேக்கேஜின் சொந்தக் கோப்புதான். அதனால் "திறந்திருக்கும் கோப்பு இருக்கும் ஃபோல்டர்" என்பது அவருக்கு மட்டும் சரியான பதிலாகவே அமைந்துவிடும். நூறு தடவை சோதித்தாலும் நூறு தடவையும் வேலை செய்யும். உலகத்தில் மற்ற எல்லோருக்கும் உடைந்திருக்கும். "என் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறதே" என்று அவர் பதில் எழுதும்போது அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

நிரலை பைட்-கம்பைல் செய்யும் நேரத்திலேயே முகவரியைக் கணக்கிட்டுப் பதித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டம் வேகமாக இருக்குமாம். கம்பைல் செய்தது வேறு மெஷின் என்றால், அந்த மெஷினின் முகவரி நிரலுக்குள் புதைபொருளாக உட்கார்ந்துவிடும்.

விம் எடிட்டர்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் இதே பள்ளம், வேறு பெயரில். கோண அடைப்புக்குறிக்குள் எஸ்ஃபைல் என்று எழுதினால் வாசிக்கப்படும் கோப்பின் பெயர் கிடைக்கும். அதையே ஒரு ஃபங்ஷனுக்குள் கேட்டால் கோப்பின் பெயருக்குப் பதில் ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்கும். "வீடு எங்கே?" என்று கேட்டால் "என் பெயர் முருகன்" என்று பதில் வருவது போல. விம்மிலும் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒரு மாறியில் பிடித்துவைப்பதுதான் வழக்கம். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே இருக்கும் இரண்டு முகாம்களும் தனித்தனியாக ஒரே குழியில் விழுந்து ஒரே மாதிரி ஏறி வந்திருக்கிறார்கள்.

ஈமாக்ஸ் உருவாக்குநர்கள் ஒரு இடத்தில் காட்டிய நிதானத்தைச் சொல்லியாக வேண்டும். 2022ல் வந்த 28ம் பதிப்பில் நிரல்களை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி வந்தது. அப்படி மாற்றிய கோப்புகள் பேக்கேஜ் ஃபோல்டரில் இருக்காது, தனியாக ஒரு சேமிப்பு ஃபோல்டரில் கிடக்கும். உண்மையில் வாசிக்கப்படுவது அந்தக் கோப்புதான். "எதை வாசிக்கிறாய்?" என்ற கேள்விக்கு அந்த உண்மையைச் சொல்லியிருந்தால், ஒழுங்காக எழுதப்பட்ட பேக்கேஜ்கள் கூட மூட்டையைத் தேடித் தவறான ஃபோல்டருக்குப் போயிருக்கும். அதனால் லோட்-ஃபைல்-நேம் என்று கேட்டால் பழையபடி பேக்கேஜ் ஃபோல்டரில் இருக்கும் கோப்பின் பெயரையே சொல்வது, நிஜம் வேண்டும் என்கிறவர்களுக்கு லோட்-ட்ரூ-ஃபைல்-நேம் என்று தனியாக ஒன்று தருவது என்று முடிவு செய்தார்கள். மாவட்டம் பிரித்தாலும் பின்கோடைத் தொடாத தபால்துறையின் புத்தி.

எடிட்டர் நிரலைத் தேடும் முறையும் இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் அதிலும் பின்கோடு வாசனை உண்டு. ஈமாக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய தமிழ்-ஐட்ரான்ஸ் என்று ஓர் உள்ளீட்டு முறை இருக்கிறது. கண்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால், "அம்மா" என்று எழுதத் தேவையான விதிகளை எல்லாம் எடிட்டர் எங்கிருந்தோ கொண்டுவருகிறது. எங்கிருந்து? ஈமாக்ஸிடம் முழுப் பாதை எதுவும் கிடையாது. "தமிழ்-ஐட்ரான்ஸ் வேண்டுமென்றால் குவெயில்/இண்டியன் என்பதை ஏற்று" என்று ஒரு பட்டியலில் குறிப்பு மட்டும் இருக்கிறது. லோட்-பாத் என்ற ஃபோல்டர் வரிசையில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் பாஸ் லினக்ஸிலும் விண்டோஸிலும் பென்டிரைவிலும் அதே தமிழ் வருகிறது. பேக்கேஜ் நிறுவும்போது கூடவே உருவாகும் ஆட்டோலோட்ஸ் என்ற குட்டிக் கோப்பு செய்வதும் இதுதான். "நான் இருக்கும் ஃபோல்டரையும் வரிசையில் சேர்த்துக்கொள்" என்று எடிட்டரிடம் சொல்லிவிடும்.

வரிசை என்றால் முதலில் கண்ணில் படுவதுதான் ஜெயிக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால், முன்னால் இருக்கும் பழையது புதியதை மறைத்துவிடும். புதுப்பித்தும் பழைய தொல்லையே தொடர்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சேலத்துக்குப் போக வேண்டியவர், ரயில் சின்னசேலம் ஸ்டேஷனில் நின்றதும் "சேலம்" என்ற எழுத்தைப் பார்த்து இறங்கிவிட்ட மாதிரி. லிஸ்ட்-லோட்-பாத்-ஷேடோஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, எது எதை மறைக்கிறது என்று சொல்லிவிடும். இப்படி ஒன்று இருப்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

மேலே சொன்ன எதுவும் நேரத்தைத்தான் தின்னும். பொருளைத் தின்பது வேறொன்று.

அந்த மாணவி ஒரு சொற்பட்டியல் சேர்க்கிறாள் என்று வையுங்கள். மலையில் பாட்டி பேசும் சொற்கள், சாமைக்கும் கடுக்காய்க்கும் மரவள்ளிக்கும் சுற்றிச் சுற்றி வரும் வேலைகளின் பெயர்கள், கீழே கள்ளக்குறிச்சியில் சொன்னால் புரியாதவை. எடிட்டரில் முதல் இரண்டு எழுத்து அடித்தால் முழுச்சொல்லும் வர வேண்டும் என்று ஒரு பேக்கேஜில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். அந்தப் பேக்கேஜை எழுதியவர் முகவரி விஷயத்தில் கெட்டிக்காரர். லோட்-ஃபைல்-நேமை உரிய நேரத்தில் பிடித்து வைத்திருக்கிறார். "இ"யிலும் ஓடுகிறது, "ஜி"யிலும் ஓடுகிறது. பயனர் சேர்க்கும் சொற்களை எங்கே எழுதி வைப்பது என்று வந்தபோது, இருக்கவே இருக்கிறது நம் வீடு என்று பேக்கேஜ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஆய்வகத்தில் நெட் நன்றாக இருந்த மதியத்தில், அவள் பேக்கேஜ்களைப் புதுப்பித்தாள். புதிய பதிப்பு எண்ணோடு புது ஃபோல்டர் வந்தது. பழைய ஃபோல்டர் அழிக்கப்பட்டது. அதுதான் புதுப்பிப்பதன் முறை, அதில் யார் மேலும் தப்பில்லை. சொற்கள் பழைய ஃபோல்டரில் இருந்தன.

பாட்டியிடம் மறுபடி கேட்டு எழுதலாம்தான். எழுதியபோது எந்தப் பேச்சில் எந்தச் சொல் வந்து விழுந்தது என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

குடியிருக்கும் வீடு வேறு, பெட்டகம் வேறு. பேக்கேஜ் ஃபோல்டர் வாடகை வீடு மாதிரி. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் காலி செய்ய வேண்டும், வாசிக்க மட்டும்தான் அதை நம்பலாம். பயனர் சேர்த்தது எதுவானாலும் பயனரின் சொந்த இடத்தில் இருக்க வேண்டும். ஈமாக்ஸில் லோகேட்-யூசர்-ஈமாக்ஸ்-ஃபைல் என்று ஒரு ஃபங்ஷன், அந்த இடத்தைக் கேட்டுச் சொல்வதற்கென்றே இருக்கிறது. யாஸ்னிப்பெட்டில் பயனர் எழுதும் ஸ்னிப்பெட்டுகள் அவருடைய சொந்த ஈமாக்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும், பொதுத் தொகுப்பு தனிப் பேக்கேஜாக வரும். விஎஸ் கோடில் குளோபல் ஸ்டோரேஜ் என்று நீட்சிகளுக்குத் தனியிடம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள், நீட்சியின் சொந்த ஃபோல்டர் பாதையைத் தனியாகத் தந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்ததே பாதி வேலை.

"எந்த ஃபோல்டர்" என்ற கேள்வியே செல்லாத இடங்களும் இப்போது உண்டு. சப்லைம் டெக்ஸ்ட் 3லிருந்து பேக்கேஜ் பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பாகவே கிடக்கும், பிரித்து வைப்பதே இல்லை. பைத்தானில் நிரலின் இருப்பிடத்தைக் கேட்டு, பக்கத்துக் கோப்பைத் திறக்கப் போனால், ஜிப்புக்குள் இருக்கும் பாதையைத் திறக்க முடியாது என்று இயங்குதளம் கையை விரிக்கும். அங்கே லோட்-ரிசோர்ஸ் என்று எடிட்டரிடமே கேட்டு வாங்க வேண்டும். விஎஸ் கோட் உலாவிக்குள்ளும் ஓடுகிறது. அங்கே டிஸ்கே கிடையாது. அதனால் பாதைக்குப் பதில் எக்ஸ்டென்ஷன்-யூஆர்ஐ என்று ஒன்றைத் தருகிறார்கள்.

இன்னொரு ரகம், மூட்டை வந்தே சேராதது. ஈமாக்ஸ் பேக்கேஜ்களைத் திரட்டித் தரும் மெல்பாவில், எந்தெந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேக்கேஜின் குறிப்பில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிரல் கோப்புகளைத்தான் பிரதானமாக எடுக்கும், ஸ்னிப்பெட் ஃபோல்டரை விட்டுவிடும். எழுதியவர் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும், நிறுவியவரிடம் பாதிதான் இருக்கும். முகவரி சரி, வீடு சரி, சாமான் லாரியில் ஏறவில்லை.

பேக்கேஜ் எழுதும் நண்பர்கள் வெளியிடுவதற்கு முன்னால் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, பத்து நிமிடம் கூட ஆகாது. பேக்கேஜை ஒரு பென்டிரைவில் போடுங்கள். ஃபோல்டரின் பெயரை "வெள்ளிமலை வேலை" என்று மாற்றுங்கள். தமிழ் எழுத்தும் வேண்டும், நடுவில் இடைவெளியும் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் "டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்ற ஒரு பெயரின் இரண்டு இடைவெளிகளில் எத்தனையோ நிரல்கள் தடுக்கி விழுந்தன, இன்றும் விழுகின்றன. வெளி நிரலுக்குப் பாதையைக் கொடுக்கும்போது ஈமாக்ஸில் ஷெல்-கோட்-ஆர்க்யுமெண்ட் வழியாகக் கொடுத்தால் தப்பிக்கலாம். அப்புறம் வேறொரு மெஷினில் செருகி, பேக்கேஜுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். சொந்தமாக நாலு சொல் சேர்த்துவிட்டு, பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி நிறுவி, அந்த நாலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கு: பேக்கேஜ் எங்கிருந்து ஏறியது என்று பார்க்க ஈமாக்ஸில் லோகேட்-லைப்ரரி, விம்மில் ஸ்கிரிப்ட்நேம்ஸ். எழுதியவருக்குப் புகார் அனுப்பும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், அந்தக் கட்டளை காட்டிய பாதையையும், அப்போது எந்த ஃபோல்டரில் இருந்த கோப்பு திறந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது விவரத்தைப் பார்த்ததும்தான் அவருக்குப் பொறி தட்டும்.